கிரௌலியின் வாத்தியார்: மேதர்ஸ் மொழிபெயர்ப்பாளரா, புளுகரா?

பழம்புத்தகப் பித்தன்:

இங்கிலாந்து மந்திரவாதி அலெஸ்டர் கிரௌலி பற்றி யாராவது இழை ஆரம்பித்தால் நாலு பக்கம் ஓடுகிறது. 'உலகத்திலேயே பொல்லாதவன்' என்று லண்டன் பத்திரிகை பட்டம் கொடுத்த ஆள், ஓடாமல் இருக்குமா? ஆனால் அந்த ஆளுக்கு மந்திரமும் சக்கரமும் சடங்கும் எழுதிக் கொடுத்த வாத்தியாரைப் பற்றி இங்கே ஒரு இழைகூட இல்லை. அதனால் இது.

சாமுவேல் லிடெல் மேதர்ஸ். 1854 ஜனவரியில் லண்டன் ஹாக்னியில் பிறந்தவர். அப்பா குமாஸ்தா, சீக்கிரமே போய்விட்டார். அம்மாவோடு போர்ன்மத் கடற்கரை ஊரில் பல வருஷம் வாழ்ந்தார். 1877இல் அங்கேயே ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதரச் சங்கத்தில் சேர்ந்தார். 1884இல் வந்த முதல் புத்தகத்துக்கும் ஆவிக்கும் பேய்க்கும் சம்பந்தமே கிடையாது. பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்த காலாட்படைப் பயிற்சிக் கையேடு அது. அடுத்த வருஷம் அம்மா இறந்ததும் லண்டனுக்கு வந்து, கையில் காசில்லாமல், பிரிட்டிஷ் மியூசிய வாசகசாலையே கதி என்று கிடந்தார். கவிஞர் யேட்ஸ் அவரை முதலில் கவனித்ததும் அந்த வாசகசாலையில்தான்.

அவர் கையிலிருந்து வந்தவை மூன்று. 1887இல் யூத மறைஞானமான கபாலாவின் மூன்று பகுதிகள் ஆங்கிலத்தில். 1889இல் 'சாலமோனின் திறவுகோல்', அதாவது மந்திரவாதியின் கத்தி, வட்டம், கிரகத் தகடுகள், நாள் நேரம் எல்லாம் சொல்லும் பழைய கையேடு. 1898இல், பாரிஸ் ஆர்செனல் நூலகத்துப் பிரெஞ்சுச் சுவடியிலிருந்து எடுத்த 'ஆபிரமெலின்', அதாவது தன் காவல் தேவதூதரைக் காண மாதக்கணக்கில் சாதனை செய்யச் சொல்லும் மந்திர நூல். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் இருபதாம் நூற்றாண்டின் மேற்கத்திய மாந்திரீகத்தில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும்.

நடுவில் 1888இல், வெஸ்ட்காட் என்ற டாக்டரோடும் உட்மன் என்ற இன்னொருவரோடும் சேர்ந்து கோல்டன் டான் என்ற மந்திரச் சடங்குச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கேத எழுத்தில் அறுபது தாள் கிடைத்தது, அதைப் படித்துப் பார்த்தோம், ஜெர்மனியில் இருக்கும் அன்னா ஸ்ப்ரெங்கல் என்ற அம்மையார் அனுமதி கொடுத்தார் என்பது வெஸ்ட்காட் சொன்ன கதை. தாளில் இருந்தது எலும்புக்கூடு. அதற்குச் சதை வைத்து நடத்திக்காட்டும் சடங்காக ஆக்கியவர் மேதர்ஸ்.

என் கட்சி இதுதான்: தொகுப்பாளர், மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் மேதர்ஸுக்குச் சேர வேண்டிய மரியாதை சேரவில்லை. மந்திரவாதி என்ற முறையில் கிடைத்த பெயர் ரொம்ப அதிகம்.

மணல்கடிகாரம்:

//மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் சேர வேண்டிய மரியாதை//

அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. கபாலா புத்தகத்தை எந்த மொழியிலிருந்து மொழிபெயர்த்தார்? மூலம் 'ஜோஹர்', அது அரமேயம். பதினேழாம் நூற்றாண்டில் நோர் ஃபான் ரோசன்ரோத் என்ற ஜெர்மன்காரர் அதன் பகுதிகளை லத்தீனுக்குக் கொண்டுபோனார் (1677 முதல் 1684 வரை வந்த தொகுதிகள்). அவர் ஒரு கிறிஸ்தவர். யூத நூலில் கிறிஸ்துவைத் தேடியவர். மேதர்ஸ் அந்த லத்தீனைத்தான் ஆங்கிலமாக்கினார். மூலத்தோடு ஒப்பிட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டது வேறு கதை. பின்னால் வந்த யூத மறைஞான ஆய்வாளர்கள் யாரும் அதை நம்பகமான ஜோஹராக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது, சாலமோன் புத்தக முன்னுரை. இதை எழுதியவர் சாலமோன் ராஜாதான் என்ற மரபைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை என்று எழுதுகிறார். 1889இல்! இதே நூலின் கிரேக்க மூதாதை என்று இன்று காட்டப்படும் பிரதிகளே பதினைந்தாம் நூற்றாண்டைத் தாண்டிப் போகவில்லை. அவர் கையில் இருந்தவை அதற்கும் பிந்தியவை.

பெயரையே பாருங்க. ஹாக்னி குமாஸ்தா மகன் 'மெக்ரெகர் மேதர்ஸ்' ஆகிறார். பாரிஸ் போனதும் 'கிளென்ஸ்ட்ரே பிரபு' ஆகிறார். ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பாவாடை, இடுப்பில் கத்தி. தன் வம்சாவளியிலேயே கைவைத்தவர் சுவடியை மட்டும் தொடாமல் விட்டிருப்பாரா?

பழம்புத்தகப் பித்தன்:

மணல், வம்சாவளி விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் சாலமோன் புத்தகத்தில் அந்த ஒரு வரியை மட்டும் உருவிக் காட்டுவது நியாயமில்லை. அதே முன்னுரையில் அவர் எந்தெந்தச் சுவடியைப் பார்த்தார் என்று மியூசிய எண்ணோடு வரிசையாகக் கொடுத்திருக்கிறார். மொத்தம் ஏழு. ஸ்லோன், ஹார்லியன், லான்ஸ்டௌன் என்று எந்தச் சேகரிப்பு, எத்தனையாம் எண் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலும் பிரெஞ்சு, ஒன்று லத்தீன், ஒன்று இத்தாலியன். அந்தக் காலத்தில் மாந்திரீகப் புத்தகம் போட்டவர்கள் 'திபெத்திய குரு கனவில் வந்தார்' என்று போட்டார்கள். இவர், 'நான் இன்ன அலமாரியில் எடுத்தேன், நீயும் போய்ப் பார்' என்கிறார். இன்றைக்கு அவர் தப்பை நாம் கண்டுபிடிக்க முடிவதே அந்த எண்களால்தான்.

அவர்மேல் எனக்கு இருக்கும் குறை வேறு. மாரண வித்தை வாடை அடிக்கும் ஒன்றிரண்டு பகுதிகளை நீக்கிவிட்டேன் என்று அவரே சொல்கிறார். ஏழு சுவடியையும் கலந்து ஒரே பாடமாக்கிவிட்டார். எந்த வரி எந்தச் சுவடியில் இருக்கிறது என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு. பாடபேதம் காட்டும் பதிப்பாசிரியர் வேலை இல்லை இது. கையில் வைத்துக்கொண்டு சடங்கு செய்ய ஏற்றபடி புத்தகம் தயாரிக்கிற வேலை. படைப் பயிற்சிக் கையேடு மொழிபெயர்த்த கை என்பது தெரிகிறது இல்லையா? எங்கே நிற்க வேண்டும், எந்தக் கையில் எதைப் பிடிக்க வேண்டும், எந்தத் திசை பார்க்க வேண்டும்.

அதனால்தான் அது பரவியது. துல்லியமான பதிப்பாக இருந்திருந்தால் நூலகத்தில் தூசி தின்றுகொண்டு இருந்திருக்கும்.

நாட்டுமருந்துக்கடை:

பெரியவங்க பேச்சில குறுக்கிடறேன். ஆபிரமெலின் புத்தகத்துல ஒரு அபிஷேக எண்ணெய் வருது. மேதர்ஸ் ஆங்கிலத்தில போட்டபடி: வெள்ளைப்போளம், லவங்கப்பட்டை, அரத்தை, ஒலிவ எண்ணெய். எனக்கு இதைப் படிச்ச உடனே உறுத்துச்சு. தொழில் புத்தி. போளத்தோடயும் பட்டையோடயும் அரத்தை எதுக்கு வருது?

விவிலியத்தில யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தைத் திறங்க. மோசேக்குச் சொல்லப்பட்ட பரிசுத்த தைலம் அங்க இருக்கு. தமிழ்ல தெளிவா இருக்கு: வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, வசம்பு, இலவங்கப்பட்டை, ஒலிவ எண்ணெய். அரத்தை கிடையாது, வசம்பு! ஆபிரமெலின் எண்ணெய் இந்தத் தைலத்தோட நகல்தான். ஜெர்மன் சுவடிகள்லயும் வசம்புதான் இருக்கு. அது ஆங்கிலத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள அரத்தை ஆயிடுச்சு.

நம்ம கடையில ரெண்டும் பக்கத்துப் பக்கத்து டப்பா. ரெண்டும் கிழங்கு மாதிரி வேர், ரெண்டும் கமகமன்னு இருக்கும். ஆனா வசம்பைச் சுட்டுப் பிள்ளைக்கு உரசிக் கொடுக்கறோம், அரத்தையை இருமலுக்குக் கஷாயம் போடறோம். மாத்திக் கொடுத்தா பாட்டிங்க கடைக்கே வந்து சண்டை போடுவாங்க.

வேடிக்கை என்னன்னா, கிரௌலி இந்த அரத்தையையே பிடிச்சுக்கிட்டு அதுக்குத் தத்துவ விளக்கமெல்லாம் கொடுத்தார். அவர் வழியில வந்தவங்க இன்னைக்கு வரைக்கும் அரத்தை போட்டுத்தான் காய்ச்சறாங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன். கிரௌலி முறைப்படி வெறும் வாசனைத் தைலங்களா எடுத்துக் கலந்தா பட்டைத் தைலம் தோலை எரிச்சுடும். யாரும் பூசிப் பாக்காதீங்க.

மணல்கடிகாரம்:

மருந்துக்கடைக்காரரே, தூள்! இதைத்தான் சொல்ல வந்தேன். ஒரு வேர் மாறிப்போய், அதற்கு மேல் ஒரு மதமே விளக்கம் கட்டிவிட்டது.

எண்ணெய் மட்டும் இல்லை. மேதர்ஸ் புத்தகத்தில் அந்தச் சாதனைக்குக் காலம் ஆறு மாதம். ஜெர்மன் சுவடிகளில் பதினெட்டு மாதம். அவர் பதிப்பில் மூன்று பாகம், ஜெர்மனில் நாலு. எழுத்துச் சதுரங்களில் பல கட்டங்கள் காலி, ஜெர்மனில் நிரம்பியிருக்கின்றன. கேயார்க் டேன் என்ற ஜெர்மன்காரர் அந்தச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்து, 2006இல் அது ஆங்கிலத்திலும் வந்த பிறகுதான் இது பரவலாகத் தெரிந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஊரே அரைகுறைப் புத்தகத்தை வைத்துத் தவம் செய்திருக்கிறது.

பழம்புத்தகப் பித்தன்:

ஆறு மாதம், மூன்று பாகம், காலிக் கட்டம் மூன்றுமே அந்தப் பிரெஞ்சுச் சுவடியின் குறை. அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். கிடைத்ததை நல்ல பிரதி என்று நம்பியது அவர் தப்பு. ஜெர்மன் பிரதி ஒன்று 1725 தேதியோடு அச்சிலேயே இருந்தது, தேடியிருந்தால் கிடைத்திருக்கும். அந்த அளவில் உங்கள் பக்கம் ஒரு புள்ளி.

தூரிகை:

இத்தனை பேர் பேசியும் மேதர்ஸின் மனைவி மொய்னா பெயர் ஒருமுறைகூட வரவில்லையே!

மீனா பெர்க்சன். 1865இல் ஜெனீவாவில் பிறந்தவர். தத்துவவாதி ஆன்றி பெர்க்சனின் சொந்தத் தங்கை. ஆமாம், 1927 இலக்கிய நோபல் வாங்கிய அதே பெர்க்சன். லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் படித்தவர். 1887இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்தியச் சிலைகளை வரைந்துகொண்டிருந்தபோதுதான் மேதர்ஸைச் சந்தித்தார். கோல்டன் டானின் லண்டன் கோயிலில் முதன்முதலாகத் தீட்சை வாங்கியவர் அவர்தான். 1890இல் கல்யாணம். பெயரை மொய்னா என்று மாற்றிக்கொண்டார்.

மேதர்ஸின் சடங்குகள் கண்ணுக்கு நேரே நின்றது இவர் கையால்தான். உள்வட்டத்தாருக்கு என்று ஒரு சமாதி அறை கட்டினார்கள். ஏழு சுவர். ஒவ்வொரு சுவரிலும் நாற்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் கிரகம், ராசி, எபிரேய எழுத்து என்று ஒரு குறி, அந்தக் குறிக்கு ஒரு நிறம், பின்புலத்துக்கு அதன் எதிர்நிறம். இருநூற்றெண்பது கட்டம்! பச்சைமேல் சிவப்பு, நீலத்துமேல் ஆரஞ்சு என்று எதிர்நிறங்களை ஒட்டி வைத்தால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விளிம்பு துடிக்கிற மாதிரி தெரியும். வண்ணம் தெரிந்தவர்கள் செய்த வேலை. நடுவில் ஒரு சவப்பெட்டி, அதிலிருந்து குரு எழுந்து பேசுவார். இதைச் 'சடங்கு நூல்' என்று மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

பணம் கொடுத்ததும் ஒரு பெண்தான். ஆனி ஹார்னிமன், மொய்னாவின் கலைப்பள்ளித் தோழி, தேயிலை வியாபாரி மகள். அவர் சொல்லித்தான் அப்பாவின் அருங்காட்சியகத்தில் மேதர்ஸுக்கு வேலை கிடைத்தது. அதிகநாள் நிலைக்கவில்லை. 1892இல் தம்பதி பாரிஸ் போனதும் ஆனி படியளந்துகொண்டே இருந்தார். எதற்குச் செலவாகிறது என்று கேட்க ஆரம்பித்தபோது உறவு கசந்தது. 1896இல் பணத்தை நிறுத்தினார். மேதர்ஸ் அவரைச் சங்கத்திலிருந்தே நீக்கினார். அதே ஆனி பிறகு டப்ளினில் ஆபி நாடக அரங்கத்துக்குப் பணம் போட்டார். அயர்லாந்து நாடகத்துக்கு அது லாபம்.

1899இல் பாரிஸ் பொதினியேர் அரங்கில் கணவனும் மனைவியும் எகிப்திய உடையில் ஐசிஸ் பூஜையை டிக்கெட் போட்டு மேடையேற்றினார்கள். பக்தியும் வயிற்றுப்பாடும் ஒன்றாக.

பெர்க்சன் கதையும் உண்டு. யேட்ஸ் எழுதுகிறார்: மச்சானுக்குத் தன் வித்தை அத்தனையும் காட்டினேன், ஒன்றும் பலிக்கவில்லை என்று மேதர்ஸ் வருத்தப்பட்டாராம். அந்த வருத்தத்தை ஒளிக்காமல் சொன்ன மேதர்ஸை எனக்குப் பிடிக்கும்.

தேம்ஸ்காரன்:

பிளைத் ரோடு சண்டையை யாரும் சொல்லவில்லையா? சரி, நானே.

1900 ஏப்ரல். லண்டன் சங்கத்தார் பாரிஸில் இருக்கும் தலைவருக்கு எதிராகக் கொடி பிடித்துவிட்டார்கள். காரணம் மேதர்ஸ் தன் கையாலேயே எழுதிய கடிதம்: ஸ்ப்ரெங்கல் அம்மையாரின் கடிதங்கள் வெஸ்ட்காட் செய்த போலி என்று, லண்டன் சங்கத்தை நடத்திவந்த புளோரன்ஸ் ஃபாருக்கு எழுதினார். வெஸ்ட்காட்டை வீழ்த்த எறிந்த கல், சங்கத்தின் அஸ்திவாரத்திலேயே விழுந்தது. மேலே உள்ள சீட்டு போலி என்றால் கீழே உள்ள பட்டமெல்லாம் என்ன?

இன்னொரு மனக்கசப்பும் இருந்தது. இளம் கிரௌலிக்கு உள்வட்டப் பதவி தர லண்டன்காரர்கள் மறுத்தார்கள். மேதர்ஸ் பாரிஸில் வைத்துக் கொடுத்துவிட்டார். கிரௌலி அப்போது ஸ்காட்லாந்தில் லாக் நெஸ் ஏரிக்கரையில் ஒரு வீடு வாங்கி, மேதர்ஸ் மொழிபெயர்த்த அதே ஆபிரமெலின் சாதனைக்கு இறங்கியிருந்தார். குரு கூப்பிட்டதும் சாதனையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

ஹாமர்ஸ்மித்தில் 36, பிளைத் ரோடு. அங்கேதான் தூரிகை அக்கா சொன்ன சமாதி அறை. கிரௌலி முதலில் பூட்டை உடைத்துப் புதுப்பூட்டு போட்டார். அடுத்து மலைநாட்டு உடை, கறுப்பு முகமூடி, பக்கத்தில் கத்தி சகிதம் தலைவரின் தூதராக வந்து இறங்கினார். எதிரே நின்றவர் யேட்ஸ், கூட ஒரு நண்பர். வீட்டுக்காரரைப் பேசிச் சரிக்கட்டி, போலீஸ்காரரையும் வரவழைத்திருந்தார்கள். எகிப்திய தெய்வம் ஓசிரிஸின் அந்த முகமூடிக்கு முன்னால் லண்டன் கான்ஸ்டபிள்! கிரௌலி மரியாதையாகத் திரும்பிப் போனார். இரண்டு பக்கமும் மந்திரம் போட்டுக்கொண்டதாகக் கதை உண்டு. ஜெயித்தது வாடகை ஒப்பந்தம்.

மணல்கடிகாரம்:

//மேலே உள்ள சீட்டு போலி என்றால்//

அந்தக் கடிதம் எழுதியபோது மேதர்ஸ் ஏன் அவ்வளவு தைரியமாக இருந்தார் தெரியுமா? உண்மையான ஸ்ப்ரெங்கல் பாரிஸுக்கே வந்து தன்னைச் சந்தித்துவிட்டார் என்று நம்பினார். வந்தவர் ஹோரஸ் என்று பெயர் வைத்திருந்த ஓர் அமெரிக்க மோசடிக்காரி, கூட அவள் புருஷன். 'சுவாமி' பட்டமும் சேர்த்துக்கொண்டு திரிந்த ஜோடி. மேதர்ஸிடமிருந்து சடங்குப் பிரதிகளைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். 1901 டிசம்பரில் லண்டன் ஓல்ட் பெய்லியில், ஆன்மீகத்தின் பெயரால் இளம்பெண்ணுக்குச் செய்த கொடுமைக்காக அவனுக்கு 15 வருஷம், அவளுக்கு 7 வருஷம் தண்டனை. கோல்டன் டான் பெயர் நீதிமன்றத்தில் நாறியது. அந்தப் பெயரையே விட்டுவிட்டு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள் லண்டன்காரர்கள்.

சங்கத்தை மறைவில் இருந்து நடத்தும் ரகசியத் தலைவர்களை நேரில் கண்டேன், மூச்சுத் திணறியது, மூக்கில் ரத்தம் வந்தது என்று சொன்ன மனிதர், எதிரே உட்கார்ந்த திருடியை அடையாளம் காணவில்லை.

சித்தாந்தத் திண்ணை:

மேதர்ஸ் ஏமாற்றுக்காரரா, ஏமாந்தவரா என்ற வழக்கை நீங்கள் நடத்துங்கள். எனக்கு ஆர்வம் வேறிடத்தில். கோல்டன் டான் பாடத்திட்டத்தில் 'தத்துவ' அட்டைகள் என்று உண்டு. பிருதிவிக்கு மஞ்சள் சதுரம், அப்புவுக்கு வெள்ளிப் பிறை, தேயுவுக்குச் சிவப்பு முக்கோணம், வாயுவுக்கு நீல வட்டம், ஆகாயத்துக்குக் கறுப்போ கருநீலமோ ஆன முட்டை வடிவம். இதை உற்றுப் பார்த்து, கண்ணை மூடி, அந்த வடிவத்தையே வாசலாக்கி உள்ளே போ என்பது பயிற்சி. இது எங்கிருந்து போனது? மீரட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் ராம பிரசாத், பிரம்மஞான சபைக்காரர், சுவர சாத்திரத்தை, அதாவது மூச்சின் சாத்திரத்தை, ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1890இல் லண்டனில் வந்தது. அங்கிருந்து எடுத்தார்கள்.

இனி நம் சைவ சித்தாந்த நூலான 'உண்மை விளக்க'த்தைப் பாருங்கள். மனவாசகம் கடந்தார் சொல்வது: நிலம் நாற்கோணம், நீர் பிறை, தீ முக்கோணம், காற்று அறுகோணம், ஆகாயம் வட்டம். நிறம் சொல்லும்போது நிலம் பொன், நீர் வெண்மை, தீ சிவப்பு, காற்று கருமை, வான் புகை நிறம். முதல் மூன்றும் வடிவத்திலும் நிறத்திலும் அப்படியே பொருந்துகின்றன. காற்றும் வானும் மட்டும் விலகிப் போகின்றன. லண்டனில் காற்றுக்கு வந்த வட்டம் நம்மிடம் வானுக்கு உரியது. இரண்டும் ஒரே ஆகம மரபின் வேறு வேறு கிளைகள்.

சித்தாந்தத்தில் இந்த வடிவங்கள் ஆன்மா தான் எவற்றால் கட்டுண்டிருக்கிறது என்று அறிந்து கழற்றிப் போடுவதற்காக. தத்துவ நாசம் என்று சொல்வோம். மேதர்ஸ் கூட்டத்தார் அதையே உல்லாசப் பயணச் சீட்டாக்கி, உள்ளே என்ன காட்சி தெரிந்தது என்று குறிப்பு எழுதி ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினார்கள். திருடினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சரக்கு போனது, அதன் நோக்கம் இங்கேயே தங்கிவிட்டது.

வல்லிபுரத்தான்:

வணக்கம். சித்தாந்தத் திண்ணை ஐயா தொட்ட இடத்திலயிருந்து இன்னொரு நூல் இழுக்கலாம். அது எங்கட பக்கம் வருது.

மேதர்ஸின்ர சீடர்களுக்குள்ள அலன் பென்னட் எண்டு ஒருத்தர். 1872இல பிறந்தவர், ரசாயனம் தெரிஞ்ச ஆள், கடுமையான ஆஸ்துமா. மேதர்ஸில அவ்வளவு பக்தி, தன்ர பெயரோட மெக்ரெகரையும் சேர்த்துக்கொண்டவர். கிரௌலிக்கு உண்மையில பாடம் சொல்லிக் குடுத்தது இவர்தான். லண்டன் குளிரில இருந்தால் செத்துப் போவார் எண்டு 1900இல இலங்கைக்கு வந்தார். கொழும்பில ஆரிட்ட யோகம் படிச்சவர் எண்டு நினைக்கிறியள்? சேர் பொன்னம்பலம் இராமநாதனிட்ட! அப்ப இன்னும் சேர் பட்டம் வரேல்லை, இலங்கையின்ர சொலிசிற்றர் ஜெனரலா இருந்தவர். பென்னட் அவற்ற பிள்ளையளுக்கு ஆசிரியரா இருந்துகொண்டு, அவரிட்டை யோகம் படிச்சார்.

இராமநாதனை நாங்கள் அரசியல்வாதி, இராமநாதன் கல்லூரி, பரமேசுவராக் கல்லூரி, கொச்சிக்கடைச் சிவன் கோயில் எண்டுதான் நினைவு வச்சிருக்கிறம். ஆனால் அவர் ஸ்ரீ பரானந்தா எண்ட பெயரில மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்குச் சைவக் கண்ணால ஆங்கிலத்தில உரை எழுதினவர். அவற்ற குரு அருட்பரானந்த சுவாமிகள். கிறிஸ்தவ நூலில கிழக்கத்தைய ஞானம் இருக்கெண்டு ஒரு யாழ்ப்பாணத்துச் சைவர் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில, யூத நூலில எல்லா ஞானமும் இருக்கெண்டு மேதர்ஸ் பாரிசில எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேரிட்டையும் படிச்ச ஆள் பென்னட்.

1901இல கிரௌலியும் வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் கண்டியில ஒரு பங்களா எடுத்து ஆசனம், பிராணாயாமம் எண்டு இருந்தவை. பிறகு கிரௌலி மதுரைப் பக்கம் போய், கோயிலுக்குள்ள புகுந்து ஆடு பலி குடுத்தன் எண்டு தன்ர சுயசரிதையில எழுதி வச்சிருக்கிறார். அவர் எழுதினதில எவ்வளவைக் கழிக்கவேணும் எண்டு உங்களுக்கே தெரியும்.

பென்னட் மந்திரம் எல்லாத்தையும் விட்டிட்டு பர்மாவுக்குப் போய்ப் பிக்கு ஆனார், ஆனந்த மெத்தேய்ய எண்ட பெயரில. 1908இல பிரித்தானியாவுக்குப் பௌத்த தூதுக்குழுவோட திரும்பிப் போனவர். மேதர்ஸின்ர மாணாக்கர்களில மனுசனாய்த் தேறினது இவர் ஒருத்தர்தான் எண்டது என்ர அபிப்பிராயம்.

தூரிகை:

வல்லிபுரத்தான் அண்ணா, தேறியது 'ஒருத்தர்தான்' என்றால் யேட்ஸ்?

வல்லிபுரத்தான்:

தங்கச்சி, யேட்ஸ் கவிஞர். அவையளைக் கணக்கில சேர்க்கிறேல்லை.

பழம்புத்தகப் பித்தன்:

யேட்ஸைச் சேர்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் மேதர்ஸைப் பற்றி நியாயமான சாட்சி அவர்தான். 1890இல் சங்கத்தில் சேர்ந்தார். பத்து வருஷம் கழித்து மேதர்ஸுக்கு எதிராக நின்றவரும் அவரே. மேதர்ஸ் செத்த பிறகு எழுதிய கவிதையில் அவரைப் பாதிப் பைத்தியம், பாதி அயோக்கியன் என்று நினைத்தேன், முகத்துக்கு நேரே சொன்னேன், ஆனாலும் சிநேகம் முடிவதில்லை என்கிற பொருளில் பாடுகிறார்.

பாரிஸ் வீட்டில் நாலுபேர் ஆடும் சதுரங்கம் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். யேட்ஸும் மொய்னாவும் ஒரு கட்சி. மேதர்ஸும் ஓர் ஆவியும் எதிர்க்கட்சி. ஆவியின் முறை வரும்போது மேதர்ஸ் கண்ணுக்கு மேல் கையை வைத்து, காலி நாற்காலியை உற்றுப் பார்த்துவிட்டு, அதன் காயை நகர்த்துவாராம். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? பார்ப்பதற்கு மூன்றே பேர், பந்தயப் பணமும் கிடையாது. மணல், அவர் புளுகர் என்ற உங்கள் வாதம் இங்கே எனக்கு இடிக்கிறது. தான் சொன்னதை முதலில் நம்பியவர் அவர்தான்.

சரி, செல்வாக்குக்கு வருகிறேன். 1904இல் அவர் மொழிபெயர்ப்பான 'கோயேஷியா'வை, 72 பூதங்களின் பட்டியல், கிரௌலி அவர் அனுமதி இல்லாமலே அச்சிட்டுவிட்டார். 1909இல் வந்த கிரௌலியின் ஒப்புமை அட்டவணை நூலின் அடித்தளமும் மேதர்ஸ் சங்கத்தில் ஓடிய அட்டவணைதான். 1910இல் கிரௌலி தன் பத்திரிகையில் சங்கச் சடங்குகளை வெளியிடப் போகிறார் என்று தெரிந்து மேதர்ஸ் லண்டன் கோர்ட்டுக்குப் போனார். முதலில் தடை கிடைத்தது, மேல்முறையீட்டில் பறந்தது. ரகசியத்தைக் காப்பாற்றப் போய் எல்லாப் பத்திரிகையிலும் வரவைத்ததுதான் மிச்சம்.

அவர் 1918 நவம்பரில் பாரிஸில் இறந்தார். கல்லறை எங்கே என்று அடையாளம் இல்லை. மொய்னா லண்டன் திரும்பி சங்கத்தின் ஒரு கிளையை நடத்தி 1928இல் இறந்தார். 1937 முதல் 1940 வரை இஸ்ரேல் ரெகார்டி என்பவர் சடங்குகளை நாலு தொகுதியாக சிகாகோவில் அச்சிட்டபின் ரகசியம் என்று எதுவும் பாக்கி இல்லை.

குறி சொல்லும் டாரட் சீட்டில் இன்று உலகம் முழுக்க விற்கும் 1909ஆம் வருஷத்துச் சீட்டுக்கட்டை வடிவமைத்த வெய்ட்டும் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித்தும் கோல்டன் டான்காரர்கள். பழைய சீட்டுக்கட்டில் நீதி எட்டாவது, வலிமை பதினொன்றாவது. இந்தக் கட்டில் அவை இடம் மாறியிருப்பது கோல்டன் டான் கணக்கு. சென்னையில் பேரங்காடி வாசலில் டாரட் பார்க்கிறவர் கையிலும் அந்தக் கணக்குதான் இருக்கிறது.

விக்கா என்ற நவீன சூனியக்காரி மதத்தைக் கிளப்பிய ஜெரால்டு கார்ட்னர் சடங்குக் கத்தியையும் வட்டம் போடும் முறையையும் எடுத்தது மேதர்ஸின் சாலமோன் புத்தகத்திலிருந்து. கார்ட்னர் இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், வல்லிபுரத்தான் ஐயாவுக்கு உபரித் தகவல்.

 இவர்கள் மேதர்ஸ் கலந்து வைத்த பாடத்தைத்தான் எடுத்தார்கள். அவர் வெட்டியது அவர்களுக்கு இல்லாமலே போனது, அவர் ஒட்டியது மரபு ஆனது. நான் முதலில் 'மரியாதை' என்று சொன்னது இந்த அளவுக்கு.

மணல்கடிகாரம்:

காலி நாற்காலி சாட்சியை ஏற்றுக்கொள்கிறேன். புளுகர் என்பதை விட்டுவிடலாம். ஆனால் 'மொழிபெயர்ப்பாளர்' என்பதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏழு சுவடியைக் கலந்து, பிடிக்காததை வெட்டி, மூலத்தில் இல்லாத ஒருமையை உண்டாக்குகிறவரை நம் ஊரில் தலபுராணம் பாடியவர் என்போம். ஊரில் திரிந்த கதைகளை வாரிச் சேர்த்துக் கோயிலுக்கு ஒரே கதை செய்து கொடுத்தவர். அதன்பிறகு பூசை அந்தக் கதைப்படிதான் நடக்கும். அந்த வரிசையில் வைத்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை.

புதுவரவு:

இழை முழுக்கப் படித்தேன். நான் மந்திரம் செய்யப் போவதில்லை, வரலாறு தெரிந்துகொள்ள ஆசை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பழம்புத்தகப் பித்தன்:

யேட்ஸின் சுயசரிதையில் மேதர்ஸ் வரும் பக்கங்கள் முதலில். அடுத்து சாலமோன் புத்தகத்தின் முன்னுரை மட்டும், உள்ளே போக வேண்டாம். ஆபிரமெலின் வேண்டுமென்றால் டேன் பதிப்பை வாங்கி மேதர்ஸ் பதிப்பைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மேதர்ஸ் நூல்கள் காப்புரிமை தீர்ந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கபாலா புத்தகத்தை நீண்ட முன்னுரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாட்டுமருந்துக்கடை:

எண்ணெய் காய்ச்சறதா இருந்தா வசம்பு வாங்கிக்கோ தம்பி. அரத்தையைவிட விலையும் கம்மி.

நெறியாளர்:

இராமநாதன், அலன் பென்னட் பற்றிய பதிவுகளைத் தனி இழையாகப் பிரிக்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பிரித்து ஈழ வரலாற்றுப் பிரிவில் போடுகிறேன். வல்லிபுரத்தான், முதல் பதிவை நீங்களே எழுதித் தாருங்கள். கிரௌலி மதுரைக் கோயிலில் என்ன செய்தார் என்ற விவாதம் அங்கேயும் வேண்டாம், அதற்கு ஏற்கெனவே நாலு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.